கடையை எதிர்த்தோம், குடித்தவனை மறக்கலாமா?

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் கிளைச் செயலாளர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். அதில் சம்பள பாக்கி இல்லை. வீட்டுக் கூரை ஒழுகும் புகாரும் இல்லை. ஒரு மனிதனைப் பற்றிய கடிதம் அது.

அந்த மனிதர் 20 ஆண்டுகளாக மரம் சீவுகிறவர். கத்தியைப் பிடித்தால் பட்டையில் காயம் படாமல் சீவக்கூடிய கைக்காரர். பல ஆண்டுகளாகக் குடித்து வந்தவர், மனைவியின் கண்ணீருக்கு மனம் இரங்கிச் சில மாதங்களுக்கு முன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மூன்று வாரம் தங்கித் திரும்பினார். ஆறு வாரம் ஒரு சொட்டும் தொடவில்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவன்று பழைய கூட்டாளிகள் கையைப் பிடித்து இழுக்க, மீண்டும் குடித்துவிட்டார். அடுத்த மூன்று நாள் பிரட்டுக்கு வரவில்லை. நிர்வாகம் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறது. வேலை போகும் நிலை.

கிளைக் கூட்டத்தில் விவாதம் மூண்டது. "குடிகாரனுக்காகச் சங்கம் வாதாடினால் நமக்குத்தான் அவமானம். சந்தாப் பணம் இதற்கா?" என்று ஒருவர் கேட்டார். பலர் தலையசைத்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி எழுந்தார். அவரும் பல காலம் பால் வாளி தூக்கியவர். "ஏன் தம்பி, எங்க வீட்டுக்காரருக்குக் காசம் வந்து, சுகமாகி, மறுபடியும் இருமினாரே, அப்போ ரெண்டாந்தரம் இருமிட்டாருன்னு யாராச்சும் அவரைச் சங்கத்தை விட்டுத் தள்ளினீங்களா?" என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. முடிவெடுக்காமலேயே கூட்டம் கலைந்தது. "நாங்கள் என்ன செய்வது?" என்று செயலாளர் கேட்கிறார்.

அந்த மூதாட்டியின் கேள்விதான் இன்றைய நம் தலையங்கம். அது ஒரு தோட்டத்தின் கேள்வியன்று. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா முதல் பத்தாங் காலி, கெர்லிங், களும்பாங் வரை லயத்துக்கு லயம் எழக்கூடிய கேள்வி.

குடிக்கு எதிராக நம்மவர்கள் நடத்திய போர் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளை நினைவுகூருங்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டார்கள். வைத்திய வசதி கேட்டார்கள். துரைக்கு முன் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை கேட்டார்கள். அவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டார்கள். கூலியை ஒரு கையால் கொடுத்துவிட்டு மறு கையால் கள்ளுக்கடையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை அவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் 1941 மே மாதம் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் இரத்தம் சிந்தியது.

ஜப்பான்காரன் போன பிறகு கெடாவில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்து இளைஞர்கள் ஒழுக்கத்தையும் மதுவிலக்கையும் தங்கள் கொடியில் எழுதிக்கொண்டார்கள். 1947 பிப்ரவரி 28ஆம் நாள் பீடோங் கள்ளுக்கடை முன் மறியல் செய்தவர்கள் போலீஸாரால் தாக்கப்பட்டார்கள். ஒரு தொழிலாளி உயிர் நீத்தார். கள்ளை எதிர்த்து உயிர் கொடுத்த வரலாறு நமக்கு உண்டு என்பதை எந்த மேடையிலும் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

ஆனால் அந்தப் போரில் ஒரு பாதியை மட்டுமே நாம் நடத்தினோம். கடையை எதிர்த்தோம், கடையில் சிக்கிக்கொண்டவனை என்ன செய்வது என்று சிந்திக்கவில்லை. கடை மூடினால் அவனும் திருந்திவிடுவான் என்று நம்பினோம். நம்பியது வீண் என்பதைப் பின்னால் வந்த காலம் காட்டிவிட்டது. தோட்டத்துக் கள்ளுக்கடைகள் பல மறைந்தன. அந்த இடத்தைச் சின்னச் சின்னப் போத்தல்களில் வந்த சம்சு பிடித்துக்கொண்டது. கள்ளைக் காட்டிலும் பல மடங்கு கடுமையான சாராயம், சட்டைப் பையில் அடங்கும் போத்தலில், சில்லறைக் காசுக்கு வந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அயல்நாட்டிலிருந்து வந்து உழைத்த நேப்பாள, வங்காளதேச, மியன்மார் தொழிலாளர்கள் அவர்களில் பலர். மொழி வேறானாலும் உழைப்பால் அவர்கள் நமக்குத் தம்பிமார்களே.

தாய்த் தமிழகமும் இதே பாடத்தைத்தான் கற்றது. 1937ல் ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. 1971ல் கடைகள் மீண்டும் திறந்தன. சட்டம் கடையைப் பூட்டும். மனிதனுக்குள் எரியும் தாகத்தைப் பூட்டாது. அந்தத் தாகம் என்ன என்பதை அறிந்தால்தான் அடுத்த பாதிப் போரை நடத்தமுடியும்.

நீண்ட காலம் மிதமிஞ்சிக் குடிப்பவனுடைய மூளை அந்த மதுவுக்கே பழகிவிடுகிறது. மது இல்லாவிட்டால் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, தூக்கம் போய்விடுகிறது. காலையில் முதல் மிடறு போனால்தான் கத்தி பிடிக்கும் கை நிற்கிறது என்று சொல்லும் தோழர்களை நாம் பார்த்திருக்கிறோம். அது ஆசையல்ல, நோய் முற்றியதன் அடையாளம். இந்த நிலையில் இருப்பவர் திடீரென்று ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத பூச்சியையும் உருவத்தையும் கண்டு பிதற்றலாம், உயிரே போகலாம். ஆகவே "மானமுள்ளவனாயிருந்தால் இன்றைக்கே விடு" என்று அறையில் பூட்டி வைப்பது வைத்தியமாகாது. டாக்டரின் கண்காணிப்பில், மருந்தோடும், பி1 வைட்டமினோடும் நிறுத்த வேண்டும். அதற்குச் சில நாள்தான் ஆகும். நிறுத்திய பிறகு நிலைத்து நிற்பதற்குத்தான் மாதங்களும் ஆண்டுகளும் ஆகின்றன. இடையில் ஒரு முறை, இரண்டு முறை வழுக்குவது இந்த நோயில் சாதாரணம். வழுக்கியவன் வஞ்சகன் என்று முடிவு கட்டுவது நம் அறியாமையே.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். குடிக்கிற பலருக்கு உள்ளே வேறொரு நோய் இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர், தோட்டம் விற்கப்பட்டதால் பிறந்து வளர்ந்த லயத்தை விட்டுப் போக வேண்டியவர், ரப்பர் மரம் சாய்ந்து செம்பனை வந்தபோது கைத்தொழிலே கைவிட்டதாக உணர்ந்தவர். இவர்கள் மனத்தில் ஒரு பாரம் ஏறுகிறது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை, "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் என்றால் அதை மனச்சோர்வு நோய் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அந்தப் பாரத்தை மறக்கக் குடிக்கிறான். குடி அந்தப் பாரத்தை இரட்டிப்பாக்குகிறது. ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் செய்தால் மற்றது மீண்டும் இழுத்துவிடும். குடிக்காதவர்களுக்கும், நம் பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. அடுப்படியில் வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கும் தாயை "அவளுக்குச் சோம்பல்" என்று சொல்லிவிடுகிறோம்.

இளைஞர்களிடையே பரவும் போதைப் பொருளுக்கும் இது பொருந்தும். ஹெராயினுக்கு அடிமையானவர்களுக்கு 2005 முதல் இந்நாட்டில் மெத்தடோன் மருந்து கொடுக்கப்பட்டு வருகிறது. அதைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் உண்டு. சியாபுவுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து இல்லை. அதற்குப் பேச்சு வைத்தியமும் பொறுமையும் உறவும்தான் மருந்து. பிள்ளையை அடித்து விரட்டினால் அவன் போய்ச் சேரும் இடம் சியாபு விற்பவனின் வீடாகவே இருக்கும்.

நம்மிடையே மனநோயைப் பற்றிப் பேச ஒரு அச்சம் இருக்கிறது. "தஞ்சோங் ரம்புத்தான்" என்ற ஊரின் பெயரையே நாம் வசைச் சொல்லாக்கிவிட்டோம். 1911ல் பேராக்கில் அங்கே திறக்கப்பட்ட ஆஸ்பத்திரி பல்லாயிரம் பேருக்கு மருந்து கொடுத்த இடம். இன்று அதன் பெயர் பஹாகியா ஆஸ்பத்திரி. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமும் இப்போது பெரும்பாலோர்க்கு இல்லை. அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டினால் டாக்டரைப் பார்க்கலாம். தஞ்சோங் காராங், கோல குபு பாரு ஆஸ்பத்திரிகளிலிருந்தும், கிளினிக்குகளிலிருந்தும் கிள்ளான், சுங்கை பூலோ, செலாயாங் ஆஸ்பத்திரிகளின் மனநல டாக்டர்களிடம் அனுப்பி வைப்பார்கள். வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம்.

பூசாரியிடம் போவதையும் முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொள்வதையும் நாம் கேலி செய்யவில்லை. மனத்துக்கு ஆறுதல் வேண்டும். ஆனால் அதுவே வைத்தியமாகி, நோயாளியைக் கட்டிப்போடும் நிலைக்குப் போகக்கூடாது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை ஒரு கொட்டகை தீப்பிடித்தது. குணமாகும் என்று நம்பி உறவினர் கொண்டுபோய் விட்ட மனநோயாளிகள் அங்கே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். வேண்டுதல் செய்யுங்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள் என்பதே நம் வேண்டுகோள்.

நம் தோட்டங்களில் மற்றொரு ஆபத்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து வந்திருக்கிறது. களைக்கொல்லி மருந்தைக் குடித்து மடிந்தவர்களை அறியாத தோட்டம் உண்டா? பாராகுவாட் என்னும் கொடிய மருந்து 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் மற்ற விஷங்கள் ஸ்டோரில் இருக்கின்றன. அவற்றைப் பூட்டி வைப்பதும், வீட்டுக்குக் கொண்டுவராதிருப்பதும் உயிர்காக்கும் காரியங்கள். "வாழ்ந்து என்ன பயன்" என்று ஒருவர் சொன்னால் அதைக் குடிபோதைப் பேச்சென்று தள்ளாதீர்கள். "சாக வேண்டும் என்று எண்ணுகிறீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஆள் இருக்கிறதே என்ற தெம்புதான் வரும். அவரைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். போலீஸ் பிடிக்கும் என்று அஞ்சி மறைக்க வேண்டியதில்லை. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு 2023ல் நீக்கப்பட்டுவிட்டது.

மீண்டு வருவது நடக்கக்கூடிய காரியமா? நடக்கக்கூடியதே. 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும், பாப் ஸ்மித் என்ற டாக்டரும் சந்தித்தார்கள். இருவரும் குடியால் சீரழிந்தவர்கள். ஒருவருக்கொருவர் பேசி, ஒருவரை ஒருவர் தாங்கிக் குடியை விட்டார்கள். அந்தச் சந்திப்பிலிருந்து வளர்ந்த குடிநோயாளிகள் கூட்டமைப்பு இன்று உலகெங்கும் கூடுகிறது. கட்டணமில்லை, முழுப் பெயர் கேட்பதில்லை. குடித்தவனின் துன்பம் குடித்தவனுக்குத்தான் தெரியும் என்பதே அதன் அடிப்படை. சென்னையில், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் 1980ல் குடிநோயாளிகளுக்கென்று ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். அங்கே மனைவிக்கும் பெற்றோருக்கும் கூடப் பயிற்சி உண்டு. ஏனென்றால் குடும்பமும் நோயுற்றிருக்கிறது. அவர்கள் பட்டணத்தோடு நின்றுவிடாமல், காவிரிப் படுகையில் மஞ்சக்குடி போன்ற கிராமங்களிலேயே முகாம் போட்டு, ஊர்க்காரர்களின் துணையோடு வைத்தியம் செய்தார்கள். கிராமத்தில் முடிந்தது தோட்டத்தில் முடியாதா? நம் கோயில் மண்டபமும் சங்கக் கட்டடமும் எதற்காக இருக்கின்றன?

இனி, கடிதம் எழுதிய செயலாளருக்கு நம் பதில். அந்தத் தோழருக்காகச் சங்கம் வாதாடியே தீரவேண்டும். இரக்கத்துக்காக மட்டுமல்ல, சட்டமும் அவருக்குச் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்று இருந்தால் வேலைக்காலத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. மனநல வார்டும் ஆஸ்பத்திரிதான். அங்கே படுத்தவனும் நோயாளிதான். ஆனால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அனுமதியின்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமலிருந்தால் ஒப்பந்தத்தை முறித்ததாகிவிடும். இந்தத் தோழர் மாட்டிக்கொண்டது இங்கேதான். அவரோ நினைவிழந்து கிடந்தார்; மனைவி வெட்கத்தால் வாய் திறக்கவில்லை; கிளைக்காரர் ஒருவர் ஆபீசுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றே கிளினிக்குக்கு அழைத்துப் போயிருந்தால், இந்த வழக்கே எழுந்திராது. இப்போதும் காலம் கடக்கவில்லை. விசாரணையின்றி வேலைநீக்கம் செய்ய விடாதீர்கள். விசாரணையில் ஆஸ்பத்திரிச் சான்றுகளை முன்வையுங்கள். அதையும் மீறி நீக்கினால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். 61ஆம் நாள் போய்ப் பயனில்லை.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. செக்ரோலில் யார் திங்கட்கிழமைதோறும் விடுபடுகிறார் என்பது முதலில் தெரிவது உங்களுக்குத்தான். அந்த ஏட்டைத் தண்டனைக்கு மட்டும் பயன்படுத்தாமல், வேலை போவதற்கு முன்பே அந்த மனிதரைத் தனியே கூப்பிட்டு, "என்னய்யா உடம்புக்கு?" என்று கேளுங்கள். இந்த நோய் ஆபீசையும் விட்டு வைப்பதில்லை. லயத்தில் குடித்தவனுக்குக் குடிகாரன் என்று பெயர். குவார்ட்டர்ஸில் கதவைச் சாத்திக் குடித்தவருக்கு ஐயா என்று பெயர். ஈரல் இந்த வித்தியாசம் பார்ப்பதில்லை.

நோய் என்று நாம் சொல்வதால் குடித்துவிட்டு மனைவியை அடிப்பதற்கு யாரும் அனுமதிச் சீட்டு பெற்றுவிட்டதாக எண்ண வேண்டாம். நோய்க்கு வைத்தியம், அடிக்குச் சட்டம். அடிபடும் பெண்ணைக் காப்பது சங்கத்தின் முதற்கடமை. 15999 என்ற எண் அவர்களுக்காகவே இருக்கிறது. கணவன் திருந்தும்வரை அடி வாங்கிக்கொண்டிரு என்று எந்தப் பெண்ணிடமும் நாம் சொல்லமாட்டோம்.

ஒவ்வொரு கிளையும் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. இரண்டு பேரை, அவர்களில் ஒருவர் பெண்ணாக, இந்தக் காரியத்துக்கென்று நியமியுங்கள். கேட்டதை வெளியே சொல்லாத வாய் அவர்களுக்கு இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் தோழருடன் ஒருவர் கூடப் போகட்டும். அவர் இல்லாத நாளில் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வந்தவரைத் திருவிழாவிலும் கல்யாணத்திலும் "ஒரு கிளாஸ்தானே" என்று இழுக்காதீர்கள்; அப்படி இழுப்பவரைத் தடுங்கள். கூட்டத்தில் அவர் நாற்காலி அவருக்காகக் காத்திருக்கட்டும்.

தோழர்களே! பால் வற்றிய மரத்தை நாம் உடனே வெட்டிச் சாய்ப்பதில்லை. கத்தியை நிறுத்தி ஓய்வு கொடுக்கிறோம். காயம் பட்ட இடத்தில் பட்டை மெல்ல ஏறுகிறதா என்று பொறுமையோடு பார்க்கிறோம். மரத்துக்குக் காட்டும் பொறுமையை, அந்த மரத்தோடு 20 ஆண்டு நின்ற மனிதனுக்குக் காட்டமாட்டோமா?

கிளைக் கூட்டம் மீண்டும் கூடட்டும். அந்த மூதாட்டியை முன்வரிசையில் உட்காரவைத்துத் தீர்மானம் எடுங்கள். தீர்மானத்தின் செய்தியை நமக்கு எழுதுங்கள், காத்திருக்கிறோம்.